ஒச்சம்மாள் பிடித்த மூன்று கைகள்

உசிலம்பட்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள். குருவுக்கு வயது இருபத்தெட்டு. ஆண்கள் வார்டின் பொறுப்பு நர்ஸ், பெயர் பிரிஸ்கா. சிஷ்யைக்கு முப்பத்து நான்கு. அதே வார்டில் பன்னிரண்டு வருஷமாக உதவியாள், பெயர் ஒச்சம்மாள். குரு சிஷ்யையை அக்கா என்பாள். சிஷ்யை குருவை சிஸ்டர் என்பாள். இதில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

அன்று காலை ஒச்சம்மாளின் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. இதே ஆஸ்பத்திரியின் பள்ளியில் மூன்று வருஷ டிப்ளமோவுக்கு இடம் கிடைத்திருந்தது. மதுரைக் கல்லூரியில் நாலு வருஷ பி.எஸ்சி. நர்சிங்குக்கும் கிடைத்திருந்தது. எதைப் படித்தாலும் நர்ஸ்தான். நாலு வருஷம் படித்தால் பிற்பாடு மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போகலாம் என்று ஆபீஸ் கிளார்க் சொன்னதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே மாணவியாகப் போகிறவளுக்கு அதெல்லாம் எதற்கு?

சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒன்றுக்குச் சரி சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். படித்தே தீருவது என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. எது என்பதில்தான் இழுபறி.

சிஸ்டரிடம் கேட்டுவிடலாம் என்று வார்டுக்குள் வந்தாள். மூன்றாம் கட்டில் அருகே பயிற்சி மாணவி மோனிஷா ஊசியோடு நின்றுகொண்டிருந்தாள். கை நடுங்கியது. ஊசி போட ஒச்சம்மாளுக்கு அனுமதி கிடையாது. நடுங்குகிற கையைப் பிடிக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்ச விடு தாயி. அவரு ஒண்ணும் உன்னக் கடிச்சுர மாட்டாரு."

நோயாளி சிரித்துவிட்டார். நடுக்கம் நின்றதும் ஒச்சம்மாள் கையை விட்டாள். மோனிஷா ஊசி போட்டாள்.

மேசையருகே இருந்த பிரிஸ்கா இதைப் பார்த்தாள்.

ஒச்சம்மாள் இரண்டு கடிதங்களையும் அவள் முன்னால் வைத்தாள். "மூணு வருஷமா, நாலு வருஷமா? நீங்களே சொல்லுங்க சிஸ்டர். எங்க வீட்டுக்காரரு, மூணு வருஷத்த முடிச்சமா, வேலையப் பாத்தமான்னு இருங்குறாரு. நீங்களும் மூணு வருஷந்தான படிச்சீங்க?"

"ஆமாக்கா."

"அப்ப அதவே எடுத்துரவா?"

"ஏழாம் பெட்டுல நாடி பாத்துட்டு வாங்க."

ஒச்சம்மாள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். "எம்பத்து நாலு."

"ஒரு நிமிஷம் முழுசா எண்ணுனீங்களா?"

"பதினஞ்சு செகண்டு எண்ணி நாலால பெருக்குனேன். எல்லாரும் அப்படித்தான பாக்குறாங்க."

"முழுசா எண்ணிட்டு வாங்க."

இந்த முறை கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் எண்ணினாள். நாற்பதாவது வினாடியில் துடிப்பு ஒன்று தவறியது. அப்புறம் இன்னொன்று. ஓடி வந்து சொன்னாள். பிரிஸ்கா தானும் போய்ப் பார்த்து, டாக்டருக்குப் போன் செய்தாள்.

ஒச்சம்மாளின் முகம் மலர்ந்தது. "புரிஞ்சு போச்சு சிஸ்டர். அவசரப்படக் கூடாது. நாலு வருஷந்தான்."

பிரிஸ்கா மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வாசலில் தடால் என்று சத்தம் கேட்டது. ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்திருந்த ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். ஒச்சம்மாள்தான் முதலில் ஓடினாள். அவர் கையை எடுத்து, நாடியில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்தாள்.

"அக்கா! அவரு கால ரெண்டையும் தூக்கிப் பிடிங்க!"

"இன்னும் நிமிஷம் ஆகல சிஸ்டர்…"

"கால முதல்ல தூக்குங்கங்குறேன்!"

காலைத் தூக்கியதும் சற்று நேரத்தில் அவர் கண் விழித்தார். டாக்டர் வந்து பார்த்து, பயமில்லை என்றார். கண் விழித்தவர் டீ கிடைக்குமா என்று கேட்டார்.

மேசைக்குத் திரும்பிய ஒச்சம்மாளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"இது என்னா நியாயம் சிஸ்டர்? அவருக்கு முழு நிமிஷம் எண்ணுங்குறீங்க. இவருக்கு எண்ணாதேங்குறீங்க. அப்ப மூணா, நாலா? அஞ்சு மணிக்கு நான் என்னான்னு சொல்லட்டும்?"

"காலையிலருந்து மூணு பேர் கையப் பிடிச்சீங்க."

"மூணா? ரெண்டுதான? ஏழாம் பெட்டுக்காரரு, இப்ப மயங்கி விழுந்தவரு."

"மூணு."

ஒச்சம்மாள் யோசித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "மோனிஷாவச் சொல்றீங்களா? அதெல்லாம் ஒரு கணக்கா சிஸ்டர்? வர்ற புள்ளைக எல்லாத்துக்கும் பன்னெண்டு வருஷமா பிடிக்கிறதுதான."

பிரிஸ்கா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தக் கையப் பிடிச்சப்ப வாட்ச்சப் பாத்தீங்களாக்கா?"

ஒச்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஆபீஸ் கிளார்க் சொன்னது இப்போதுதான் அவள் காதில் ஏறியது. ஒன்பதாம் கட்டில் பக்கத்தில் மோனிஷா அடுத்த ஊசியோடு இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒச்சம்மாள் மேசையிலிருந்து மதுரைக் கடிதத்தை மட்டும் எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவளிடம் போனாள்.