தாமரைக்கோழி விரல் நீட்டிய கதை

அந்தக் காலத்தில், பறவைகள் ஒன்றையொன்று நலம் விசாரித்துக்கொண்டிருந்த நாளில், தாமரைக்கோழிக்கு அந்தப் பெயரே கிடையாது. மற்றக் கோழிகளோடு அதுவும் கண்மாய்க்கரையில் மண்ணைக் கிளறித்தான் எப்படியோ தட்டுத்தடுமாறிப் பிழைத்தது. தண்ணீர் என்றால் எல்லாருக்கும் குலைநடுக்கம்.

அந்தக் குலத்தில் சாத்தையன் என்றொரு தகப்பன் இருந்தான். பெண்டாட்டி முட்டையிட்ட கையோடு அடுத்த கண்மாய்க்குப் போய்விட்டாள். அடைகாத்ததும் குஞ்சு பொரித்ததும் அவன்தான். ஒரே மகள், மாயழகி. உடம்பு நெல்லிக்காய் அளவு, கால்விரல்களோ உடம்பைவிட நீளம்!

“என்னப்பா சாத்தையா, பிள்ளையைப் பெத்தியா, வெறும் விரலைப் பெத்தியா?” என்று சிரித்தாள் கரைத்தலைவி சீனியம்மா. நல்ல மனசுக்காரிதான், வாய்தான் சும்மா இருக்காது.

கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாற்பதாம் நாள் ஒவ்வொரு குஞ்சும் சபை நடுவே மண்ணைக் கிளறிப் புழு எடுத்துக் காட்ட வேண்டும். எடுக்காத குஞ்சுக்குக் கரையில் இடமில்லை.

இந்த நீள விரலால் எப்படிக் கிளறுவாள் என்று சாத்தையன் பயந்துபோனான். தினமும் காலையில் மகளின் விரல்களை மடக்கிக் கோரைநாரால் கட்டினான். அவன் அப்பன் செய்த வைத்தியம் அது. பாசத்தில்தான் கட்டினான், பாவி, அதனால் இறுக்கியே கட்டினான்.

“வலிக்குதுப்பா.”

“பொறுத்துக்க தாயி. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்.”

நாற்பதாம் நாள் வந்தது. மாயழகி மூன்று முறை கிளறினாள், மூன்று முறையும் முகம் குப்புற விழுந்தாள். சபையே சிரித்தது.

“பொழுது சாயறதுக்குள்ள எடுக்கலைன்னா நான் என்னப்பா செய்ய?” என்றாள் சீனியம்மா.

நார்க்கட்டை இன்னும் இறுக்கலாம் என்று சாத்தையன் குனிந்தான். விரல்கள் வீங்கிக் கிடந்தன, நார் சதைக்குள் புதைந்திருந்தது. அலகால் நாரைக் கொத்தி அறுத்தான். பிறகு, இத்தனை நாளும் கேட்காததை மகளிடம் கேட்டான்.

“ஆத்தா, உனக்கு எங்க நடக்கணும்னு இருக்கு?”

மாயழகி யோசிக்கவே இல்லை. கண்மாய்க்குள் மிதந்த தாமரை இலைகளைக் காட்டினாள்.

“ஐயையோ, முங்கிப்போவாப்பா!” என்று சீனியம்மா அலறினாள். சாத்தையனுக்கும் பயம்தான். ஆனாலும் அவன் வழியை மறிக்கவில்லை.

முதல் இலை லேசாக அமுங்கியது. சாத்தையன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது மகள் மூன்றாவது இலையில் இருந்தாள். எட்டு விரலும் அகல விரிந்து அவளைத் தாங்கின. இலையோரத்தில் ஒரு பூச்சியைப் பிடித்து விழுங்கிவிட்டுக் கூப்பிட்டாள்.

“அப்பா, நீங்களும் வாங்க!”

“நான் எப்படித் தாயி வருவேன்?” என்றபடி சாத்தையன் தன் காலைப் பார்த்தான். அவன் அப்பன் கட்டிய நார் இன்னும் அங்கேயே இருந்தது, மண்ணேறி, காய்ந்து. அதைத் தன் கால் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தான். கரையில் உட்கார்ந்து அதை மெள்ள மெள்ளக் கொத்தி எடுத்தான். அழுதுகொண்டேதான் எடுத்தான். உள்ளே மடங்கிக் கிடந்த நீள விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

அன்று முதல்தான் அந்தக் குலம் தாமரைக்கோழி என்று பேர் வாங்கி, விரல் விரித்து இலைமேல் நடக்கிறது. குஞ்சு தனக்குப் பிடித்த பக்கம் முன்னே ஓடுகிறது, தகப்பன்கோழி ஓர் இலை பின்னாலேயே போகிறது.