காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளை

“ஐயா, நான் சுத்தமானவன் என்று நீங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டும்” என்றான் மல்கியா.

போதகர் செமாயா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“அதைச் சொல்கிற வேலை உன்னுடையது அல்லவா?”

அவனுடையதுதான். அந்த யூதேய மலையூருக்கு மல்கியாதான் ஆசாரியன். தோலில் வெள்ளை கண்டவர்கள் அவனிடம் வருவார்கள். அவன் ‘சுத்தம்’ என்றால் வீட்டுக்குப் போகலாம். ‘தீட்டு’ என்றால் ஊர்வாசலுக்கு வெளியேதான் இனி வாழ்வு.

இப்போது அவன் காதுக்குப் பின்னாலேயே ஏதோ வெளுத்திருக்கிறதாம். தொழுகையில் அவனைச் சுற்றி இடம் காலியாகக் கிடக்கிறது. ஓய்வுநாள் அப்பத்தைத் தனியே பிட்டு, தனியே தின்கிறான். தான் மெல்லும் சத்தம் தனக்கே கேட்கிறது.

“நானே பார்த்துவிட்டேன் ஐயா. வெள்ளை இல்லை. வெறும் சிவப்பு.”

“காதுக்குப் பின்னால் எப்படிப் பார்த்தாய்? ஆந்தையா நீ?”

“செம்புத் தட்டைத் துலக்கி, அதில் பார்த்தேன்.”

“செம்பில் பால்கூடச் சிவப்பாகத்தானே தெரியும்.”

மல்கியாவின் கை காதுக்குப் பின்னால் போனது.

“மற்றவர்களையும் தட்டில்தான் பார்ப்பாயோ?”

“இல்லை. முற்றத்து வெயிலில் நிறுத்தித்தான்.”

“ஆசாரியன் எல்லார் மறுவையும் பார்க்கலாம், தன் மறுவைத் தவிர. பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே இதை ஒப்பித்தவன் நீ. வேறு ஆசாரியனிடம் காட்டு.”

“இங்கே வேறு யாரும் இல்லையே.”

“இருந்தாரே ஒருவர்.”

“அண்ணன் ஈதாமாரா? அவர் ஊருக்கு வெளியே இருக்கிறார். கையில் தீட்டு.”

“எப்படி வந்தது?”

“அப்பம் சுடும்போது அடுப்பில் பட்டது. அந்த வடு...”

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவன் காதில் விழுந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவன் அதை வடு என்று நினைத்ததில்லை.

“சூட்டு வடுவுக்குச் சட்டம் என்ன சொல்கிறது?”

“சுத்தம்.”

“அவரை எப்போது அனுப்பினாய்?”

“அப்பா இறந்த மாதம். அப்பா இடத்துக்கு யார் என்று ஊர் பேசிக்கொண்டிருந்தபோது...” மிச்சத்தை விழுங்கினான். “சட்டத்துக்குப் பயந்துதான் ஐயா. அழுதுகொண்டேதான் அனுப்பினேன்.”

“அழுதாய். நானும் பார்த்தேன்.”

“இப்போது நான் யாரிடம் காட்டுவது?”

“அவரிடம்.”

“தீட்டுள்ளவர் தீர்ப்புச் சொல்லக் கூடாதே. முதலில் அவர் சுத்தம் என்று யாராவது...”

“ஆமாம், யாராவது” என்றபடி செமாயா அடுத்த பூண்டுப் பல்லை உரிக்கத் தொடங்கினார்.

அண்ணன் சுத்தம் என்று சொன்னால், தான் செய்தது ஊருக்குத் தெரிந்துவிடும். சொன்ன பிறகு, அண்ணன் அவன் காதைப் பார்த்து, நீ வெளியே இரு என்றும் சொல்லலாம்.

பொழுது சாயுமுன் மல்கியா ஊர்வாசலைக் கடந்தான்.

குகைகளின் பக்கம் நரைத்த மனிதர் ஒருவர் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தார். ஈதாமார். ஆள் வருவதைக் கண்டதும், தீட்டுள்ளவருக்குச் சட்டம் விதித்தபடி, துணியால் வாயை மூடிக்கொண்டு கூவினார்.

“தீட்டு, தீட்டு. கிட்டே வராதீர்கள்.”

மல்கியா நடந்துகொண்டே இருந்தான்.

“நீங்கள் இல்லை, அண்ணா” என்றான்.