கேரியர்ல பறந்த தாய்மாமன்

மந்திக்குளத்துக்காரங்க கதைன்னதுமே பல்லைக் காட்டுறீங்களே! கிணத்துல விழுவாங்க, மரத்துல தொங்குவாங்கன்னுதானே காத்திருக்கீங்க? அதெல்லாம் கிடையாது. இன்னைக்கு அவங்க பறக்கப் போறாங்க.

மந்திக்குளம் மதுரைக்குப் பக்கம். அங்க இருக்கிற நல்லுச்சாமிக்கு மெட்ராஸ்லருந்து தங்கச்சி செல்வராணி போன் போட்டா.

"அண்ணே, நாளைக்குச் சின்னவனுக்குக் காதுகுத்து. மூத்தவனுக்கு நீ வரல. அவுக சித்தப்பன் மடியிலதான் உக்கார வச்சோம். இந்தத் தடவையும் தாய்மாமன் வரலேன்னா, எனக்கு அண்ணனே இல்லைன்னு நினைச்சுக்குவேன். பஸ்ஸுல எட்டு மணி நேரம், பிளேன்ல ஒரு மணி நேரம். பிளேன்லயே வா. காது அடைக்கும், பஞ்சு வச்சுக்க."

நல்லுச்சாமி போனை வச்சான். கூட்டாளிங்க மொக்கச்சாமியையும் ஒச்சப்பனையும் கூப்பிட்டான்.

"ஊரும் அதே ஊரு, தூரமும் அதே தூரம். பிளேன் மட்டும் எப்படிடா சீக்கிரம் போகுது?"

மொக்கச்சாமி தாடையைத் தடவினான். "பிளேன் எங்க போகுது?"

"மேல."

"பஸ்ஸு?"

"கீழ."

"அப்புறமென்ன? மேல போனா ஒரு மணி நேரம், கீழ போனா எட்டு."

"அப்ப வேனுக்கு மேல உக்காந்து போனா?"ன்னான் ஒச்சப்பன்.

மூணு பேரும் தலையில அடிச்சுக்கிட்டாங்க. இத்தனை நாளா இது யாருக்கும் தோணலையேன்னு வருத்தம்.

விடிஞ்சதும் வாடகை வேன் வந்துச்சு. மூணு பேரும் மேல கேரியர்ல ஏறி, துண்டால இடுப்பைக் கம்பியோட கட்டிக்கிட்டாங்க.

"போலீஸ் பிடிக்கும், இறங்குங்கய்யா!"ன்னார் டிரைவர்.

"பிளேனை எந்தப் போலீஸ்யா பிடிச்சிருக்கு?"ன்னு கேட்டுட்டு, மொக்கச்சாமி காதுல பஞ்சை அடைச்சான். மத்தவங்களும் அடைச்சாங்க.

நல்லுச்சாமி பொண்டாட்டி இருளாயி மட்டும் சீர்த்தட்டோட உள்ள உக்காந்துட்டா. "உயரம்னா எனக்குத் தலை சுத்தும். நான் மெதுவாவே வந்து சேர்றேன்."

வேன் பறந்துச்சு. ஒச்சப்பன் வாய்க்குள்ள ஒரு தும்பி போயிருச்சு. "பறவை மோதிருச்சுடா!"ன்னு கத்தினான். யாருக்கும் கேக்கல.

ஒரு மணி நேரம் கழிச்சு மேலூர்ல ஒரு டீக்கடை ஓரமா வேன் நின்னுச்சு. நல்லுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. மூணு பேரும் பஞ்சோட இறங்கினாங்க. ஜன்னல்ல எட்டிப் பார்த்தா, இருளாயி நல்ல தூக்கம்.

ஒச்சப்பன் உலுக்கப் போனான். நல்லுச்சாமி அவன் கையைப் பிடிச்சு, அவனோட ஒரு காதுப் பஞ்சை உருவிட்டுச் சொன்னான்: "எழுப்பிராதடா. அவளுக்கு இன்னும் ஏழு மணி நேரம் இருக்கு."

டீயைக் குடிச்ச டிரைவர், மேல நிமிர்ந்துகூடப் பார்க்காம, "கெட்டியாப் பிடிச்சுக்கங்க!"ன்னு கத்திட்டு வண்டியை எடுத்துட்டார்.

மூணு பேரும் பஞ்சை எடுத்துட்டுப் பார்த்தா, எதிர்த்தாப்புல ஒரு மண்டபம். மேளச் சத்தம். காதுகுத்து விழான்னு தட்டி. உள்ள பிள்ளையோட அப்பன் வீட்டுப் பெருசுங்க தவிச்சுக்கிட்டிருந்தாங்க. "தாய்மாமனைக் காணோமே, நல்ல நேரம் போகுதே!"

"வந்துட்டேன்! நான்தான் தாய்மாமன்!"ன்னு நல்லுச்சாமி உள்ள ஓடினான்.

படக்குன்னு மாலையைப் போட்டு, மனையில உக்கார வச்சு, மொட்டையடிச்ச பிள்ளையை மடியில வச்சுட்டாங்க. மொட்டைத் தலையில என்ன முகஜாடை தெரியும்? நல்லுச்சாமிக்குக் கண்ணு கலங்கிருச்சு. "மாமன் வந்துட்டேண்டா தங்கம்." ஆசாரி ஊசியை எடுத்தார்.

"எங்க செல்வராணியைக் காணோம்? மெட்ராஸ்காரி ஆனதும் அண்ணனை மறந்துட்டாளா?"

சாம்பார் வாளியோட அந்தப் பக்கம் போன ஆளு நின்னுட்டார். "மெட்ராஸா? யோவ், இது மேலூருய்யா! மெட்ராஸ் போக இன்னும் ஏழு மணி நேரம் ஆகும்!"

மேளம் நின்னுச்சு. எல்லாக் கண்ணும் நல்லுச்சாமி மேல. அவன் பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டுப் பொறுமையாச் சொன்னான்:

"அது உள்ள உக்காந்து வர்றவங்களுக்குண்ணே."