நிறுத்திவைத்த தண்ணீர்

ஓடைக்குறிச்சிக்கு அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஊருக்கு மேற்கே இருந்த ரசாயன ஆலை, தன் அமிலக் கழிவை வருடக்கணக்கில் மண்ணுக்குள் விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வீடுகள் தரையோடு உள்ளே போன பிறகுதான் அரசுக்கு விழிப்பு வந்தது. அடியில் கல் நின்றால் ஊர் இருக்கும். கரைந்தால் ஊரைக் காலி செய்வார்கள். சோதித்துச் சொல்லும் பொறுப்பு வேம்பரசன் தலையில் விழுந்தது. அவன் அந்த ஊர்க்காரன். பேராசிரியர் அமலோற்பவத்தின் ஆய்வு மாணவன்.

அரசு விசாரணையில் முடிவைச் சொல்வதற்கு முந்தின நாள் அவரிடம் ஓடிவந்தான்.

"மேடம், கல் கரையலை! ஊர் பிழைச்சுது."

அவன் சோதனைக்கு வைத்திருந்த இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு வாய்க்கால். அதற்குள் ஊர்க் கல்லின் துணுக்கு ஒன்று. ஆலைக் கழிவுநீர் ஊசிக்குழல் வழியாக அதைத் தொட்டுப் போகவேண்டும். அமலோற்பவம் நுண்ணோக்கியில் குனிந்தார். துணுக்கு கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"தண்ணி ஓடலையே?"

"ஓடினா படம் கலங்குது மேடம். நிறுத்திட்டுத்தான் எடுத்தேன்."

"நின்ன தண்ணி முடிஞ்ச மட்டும் கல்லைத் தின்னுட்டு வயிறு முட்டிக் கிடக்கு. அது முன்னால பந்தி போட்டா வேண்டாம்னுதான் சொல்லும்."

ஊசிக்குழலை மெல்ல அழுத்தினார். கிடந்த நீர் போய்ப் புது நீர் வந்தது. துணுக்கின் ஓரம் மங்கியது. மெலிந்தது. நடுவில் ஒடிந்தது. பிறகு வாய்க்காலில் தண்ணீர் மட்டும் ஓடியது.

"ஊருக்கு அடியில தண்ணி நிக்குதா, ஓடுதா?"

"ஓடுது."

ஊசிக்குழலை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தான். "கல் கெட்டியா இருக்குன்னு சொல்லிடுடான்னு அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார் மேடம். ஊரே அதைத்தான் கேக்குது."

"ஆலைக்காரன்?"

"அவங்களும் அதையேதான்."

"நல்ல ஒற்றுமை. ஆலை வேண்டாம்னு நாங்க கொடி பிடிச்ச காலத்துல எங்களுக்கு இது வாய்க்கலை."

அவன் தலை நிமிர்ந்தான். "ஆலை வர்றதுக்கு முந்தியே எங்க ஊர்ல வந்து, அடியில கல் கரைஞ்சிரும், ஆலையை உள்ள விடாதீங்கன்னு நீங்க பேசினீங்களாமே. எங்க ஆளுங்க என்ன செஞ்சாங்க?"

"கல்லால அடிச்சாங்க."

அமலோற்பவம் காலி வாய்க்காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க ஊர்க் கல்லுதான். அப்போ நல்லாக் கெட்டியா இருந்துச்சு."