ஒரு மடக்குத் தண்ணீர்

“ஒழுங்குன்னா என்னன்னே இவளுக்குத் தெரியலை டீச்சர். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்.”

சுடலைவடிவு உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

பின்னால் அவள் மகள் கோமதி நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பு. பிராக்டிகல் பரீட்சைக்குப் போகாமல் ஒரு வருஷத்தைத் தொலைத்தவள்.

எதிரே ராஜகனி டீச்சர். சுடலைவடிவைவிட ஏழெட்டு வயது இளையவர். பரீட்சையில் தவறிய பிள்ளைகளைத் தன்னோடு தங்க வைத்துத் தேற்றிவிடுகிறவர். வருஷத்துக்குப் பத்துப் பேர்தான். இன்னும் ஒரு இடம்தான் மிச்சம்.

“அன்னைக்கு என்ன நடந்துச்சு கோமதி?”

“மறந்துட்டா டீச்சர்” என்றாள் சுடலைவடிவு. “எங்க அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். நான் முந்தின நாளே ஊருக்குப் போயிட்டேன். ஒரே ஒரு நாள் நான் வீட்ல இல்லை, பாத்தியளா இவ லட்சணத்தை!”

“காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்ப?”

“நாலரைக்கு எழுப்பிருவேன் டீச்சர்.”

“முதல்ல எதைப் படிப்ப?”

“கணக்கு. அப்புறம் இங்கிலீஷ். சுவத்துல இவளுக்கு டைம்டேபிள் ஒட்டியிருக்கேன். நானே ஸ்கேல் வச்சுக் கோடு போட்டது.”

“உனக்கு எந்தப் பாடம் கஷ்டம்?”

“கெமிஸ்ட்ரிதான் இவளுக்கு எட்டிக்காய்.”

டீச்சர் சிரித்தார்.

“பேசாம உங்களைச் சேத்துக்கிடட்டுமாக்கா?”

“நல்லாக் கேட்டீங்க! நான் எட்டாவதோட நின்னவ. ஆனா இவ நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு, பேனாவுல மை இருக்கான்னு பாத்து, பையை அடுக்கி, தலை பின்னி விட்டு… ஒரு கைக்குட்டை மறந்து போனதில்லை டீச்சர், எல்கேஜியில இருந்து. இவ்வளவு செஞ்சும் இப்படி வந்து வாச்சிருக்கு.”

டீச்சர் எழுந்துபோய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“ஒரு மடக்கு வாயில ஊத்திக்கோங்க அக்கா. நான் சொல்ற வரைக்கும் முழுங்கக் கூடாது.”

“எதுக்கு டீச்சர்?”

“இவளுக்கு இடம் வேணுமா, வேண்டாமா?”

சுடலைவடிவு ஊற்றிக்கொண்டாள். இரண்டு கன்னமும் உப்பிப்போயின.

“இப்ப நீ சொல்லு. அன்னைக்கு ஏன் போகலை?”

கோமதி அம்மாவைப் பார்த்தாள். சொல்லுட்டி, சொல்லு என்று அம்மா கையை ஆட்டினாள்.

கோமதி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“மறக்கலை டீச்சர்.”

சுடலைவடிவின் கை அந்தரத்திலேயே நின்றது.

“ஆறு மணிக்கே குளிச்சுட்டேன். யூனிபார்ம் போட்டு, ரெக்கார்டு நோட்டை மடியில வச்சுக்கிட்டு, போன் பக்கத்துல உக்காந்திருந்தேன்.”

“எதுக்கு?”

“அம்மா கிளம்பச் சொல்லுவாங்கன்னு.”

“சொல்லலையா?”

“போன் வரலை.”

“எவ்வளவு நேரம் அப்படியே உக்காந்திருந்த?”

“பள்ளிக்கூடத்துல இருந்து ஆள் வர்ற வரைக்கும். அப்ப மணி பன்னெண்டு. எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னாங்க.”

சுடலைவடிவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வாயில் இருந்ததை அவள் துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. இடம் வேண்டுமே.

டீச்சர் கோமதியின் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இங்கே பாரு. சேந்தா பத்து மாசம் இருக்கணும். அம்மா வரக் கூடாது, போனும் கிடையாது. உன் வாயால நீ கேட்டாத்தான் இடம். அம்மா கேட்டாத் தர மாட்டேன். சேர உனக்கு இஷ்டமா?”

கோமதி இந்த முறை யோசிக்கவே இல்லை.

“அம்மா தண்ணியை முழுங்கட்டும் டீச்சர். சொல்லிருவாங்க.”