விறகு குறைவாகத் தின்னும் கணப்பு

கோத்தகிரிக்கு மேலே இருந்த கன்னியர் மடத்தில் கைக்குழந்தைகள் பதினோரு பேர் வளர்ந்தார்கள். அவர்கள் தூங்கும் அறையில் ஒரு பழைய கணப்பு அடுப்பு. அது எரிக்கும் விறகில் பாதிச் சூடு புகைக்குழாய் வழியே மலைக்குப் போய்விடும்.

நல்லதாக வேறொன்று பார்த்து வைக்கும்படி மடத்திலேயே இளையவளான சிஸ்டர் ஜெனோவாவிடம் சொல்லிவிட்டு, தலைவி மதர் எமரென்சியா கோயமுத்தூர் போனார். ஒன்பது நாள் கழித்துத் திரும்பினார்.

வாசலிலேயே ஜெனோவா நின்றாள். கையில் கடைக்காரர்கள் கொடுத்த தாள்கள்.

"மதர், ஒரு சந்தேகம்."

"போன்ல கேட்டது போதாதா?"

"இரும்பு அடுப்புல நூறு கட்டை போட்டா எழுபது கட்டைச் சூடு அறைக்குள்ள நிக்குமாம். செங்கல் வச்சதுல எண்பது. ஆனா சூடேற அரை நாள் ஆகும். கரண்ட்ல ஒண்ணு இருக்கு. கரண்ட் போச்சுன்னா..."

"போகும்."

"அதான் மதர். எது சரி?"

"திங்கக்கிழமை செங்கல்னு முடிவு பண்ணினியே."

"செவ்வாக்கிழமை இன்னொருத்தர் எண்பத்திரண்டுன்னு சொன்னாரு."

"ஆண்டவரே! புதன்கிழமை ஒருத்தர் எண்பத்திமூணுன்னு வரலையா?"

"வியாழக்கிழமை வர்றதாச் சொல்லியிருக்காரு மதர்."

மதர் பெட்டியைக் கீழே வைத்தார். உள்ளே ஒரு குழந்தை இருமியது. அறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"அடுப்பு ஏன் எரியல?"

"நீங்க போன அன்னிக்கே அணைச்சுட்டேன் மதர். அவ்வளவும் வீண். பிள்ளைகளுக்கு ரெண்டு கம்பளி போட்டிருக்கு."

மதர் உள்ளே போனார். தொட்டிலில் இருந்து இன்னாசியைத் தூக்கினார். ஐந்து மாதக் குழந்தை. ஜெனோவாவை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் மடியில் கிடத்தினார்.

"பிடி."

"மதர், தாளெல்லாம் கையில..."

"வச்சுக்கிட்டே படி. முடிவு பண்ணிட்டுக் கூப்பிடு."

கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஜெனோவா ஒரு கையால் தாளைப் புரட்டினாள். மறு கையில் குழந்தையின் பாதம். கம்பளிக்குள் இருந்தும் சில்லென்று இருந்தது. உள்ளங்கையில் பொத்தித் தேய்த்தாள். இன்னாசி இருமினான். இருமி முடித்தபின் அழத் தெம்பில்லாமல் அவள் முகத்தையே பார்த்தான்.

அவள் அடுத்த தாளைப் புரட்டவில்லை.

அரை மணி கழித்து மதர் வந்தார். பழைய அடுப்பு குபுகுபுவென்று எரிந்துகொண்டிருந்தது. ஜெனோவா குழந்தையை மார்போடு அணைத்தபடி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"தாளெல்லாம் எங்கே?"

"அதை வச்சுத்தான் பத்தவச்சேன் மதர்."

"புத்தி இருக்கா? புது அடுப்பு வேணும்தானே நமக்கு? திரும்ப ஒருத்தன் ஒருத்தனாக் கேக்கணுமா?"

ஜெனோவா தலையைக் குனிந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"ஒரு சுள்ளியும் வீணாகக் கூடாதுன்னு நெனச்சேன் மதர். ஏழையா வாழ்வேன்னு பீடத்துக்கு முன்னாடி வார்த்தைப்பாடு கொடுத்திருக்கேனே."

மதர் குனிந்து இன்னாசியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"கொடுத்தது நீ. ஒம்பது நாளா அதைக் கடைப்பிடிச்சது இவன்."