கருமணிகளைத் துலக்கியவர்

கருங்குன்றின் அடிவாரத்தில் ஓர் ஆசிரமம் இருந்தது. அதன் மருத்துவமனையில் ஏழைகள் கட்டணமின்றிச் சிகிச்சை பெற்றனர். அவர்கள் உட்கொண்ட ஆன்டிபயாடிக் மருந்துகளின் மிச்சம், கழிவுநீரோடு வாய்க்கால் வழியே வெளியேறி, கீழேயுள்ள மாவடி ஏரியில் கலந்தது. அந்நீரில் வளரும் கிருமிகள் நாளடைவில் எம்மருந்துக்கும் அஞ்சாதவையாகிவிடும் என்பதை ஏரிக்கரை ஊரார் அறிந்தனர். வாய்க்காலை மூடப்போவதாக எச்சரித்தனர். வாய்க்காலை மூடினால் மருத்துவமனையையும் மூட வேண்டியதுதான்.

ஆசிரமத் தலைவி மங்களாம்பிகை அம்மையார், துறவு பூணுமுன் நீர்ப் பொறியாளராக இருந்தவர். உயரமான கண்ணாடித் தூண் ஒன்றில் கழிவுநீரை நிரப்பி, அதனூடே ஓசோன் வாயுவைச் செலுத்தினார். மருந்து பாதிதான் சிதைந்தது. பின்னர், மாங்கனீசுக் கரைசலில் நனைத்துச் சுட்ட வெண்களிமண் மணிகளை வெளியூரிலிருந்து தருவித்துத் தூணுக்குள் இட்டார். மாங்கனீசு மேலே படிந்து வெந்ததனால் அவை கன்னங்கரேலென்று இருந்தன. அதன்பின் நீரில் மருந்தின் சுவடே இல்லை.

சில மாதங்களுக்குப் பின் தூணைக் காக்கும் பொறுப்பு, புதிதாக வந்த சீடர் வேதமூர்த்தியிடம் அளிக்கப்பட்டது. அவர் அம்மையாரைவிட வயதில் மூத்தவர். மருந்துக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர்.

அவ்வாசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுமுன், பொதுவில் புழங்கும் கலங்கள் அனைத்தையும் புளியிட்டுத் துலக்க வேண்டும். ஏரிக்கரை ஊரார் முன்னிலையில் நீரைச் சோதித்துக் காட்டும் நாளும், வேதமூர்த்தி பொறுப்பேற்றபின் வந்த முதல் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. காலையில் தூணைத் திறந்த அவர், மணிகள் யாவும் கறுத்துக் கிடக்கக் கண்டு பதறினார். புளிக்கரைசலில் ஊறவைத்து, மல்லிகை மொட்டுகளைப்போல் வெளுக்கும்வரை தேய்த்தார்.

மாலையில் சோதனை நடந்தது. மருந்தில் பாதி அப்படியே இருந்தது.

ஏரிக்கரை ஊரின் தலைவர் மாசாணம் நீரை முகர்ந்து பார்த்தார்.

"தண்ணியைச் சுத்தம் பண்ணச் சொன்னா ரசம் வச்சிருக்கீங்களே, சாமி!"

"அழுக்கென்று எண்ணித் துலக்கிவிட்டேன்" என்றார் வேதமூர்த்தி.

"நாளைக்கு பொக்லைன் வரும். வாய்க்காலை மூடிடுவோம்."

"மூடினால் நோயாளிகள் எங்கே போவார்கள்?"

"எங்க பிள்ளைங்க குடிக்கிற தண்ணி அது. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

வேதமூர்த்தி கலங்கியவராய், அருகில் நின்ற அம்மையாரை நோக்கினார்.

"அம்மா, எனக்கு விளங்கவில்லை. மருந்தை உடைப்பது ஓசோன். அந்தக் கறுப்போ நீரில் கரையவில்லை, குறையவும் இல்லை. ஆயினும் அது இல்லாமல் காரியம் நடக்கவில்லை. அது செய்ததுதான் என்ன?"

அம்மையார் உள்ளே சென்று ஒரு கோரைப்பாயைக் கொணர்ந்து விரித்தார்.

"இருவரும் உட்காருங்கள்" என்று சொல்லிவிட்டு, நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

சிறிய பாய் அது. முழங்கால்கள் இடிக்க உட்கார வேண்டியதாயிற்று. அவ்வளவு அருகில் உட்கார்ந்தபின் இருவராலும் கத்த இயலவில்லை.

"கை ஏன் சாமி இப்படி வெந்து கிடக்கு?" என்றார் மாசாணம்.

"புளி."

"எவ்வளவு தேய்ச்சீங்க?"

"இரண்டு அண்டா."

"என் பொண்டாட்டி காதுல போட்டுராதீங்க. பாத்திரம் விளக்க உங்களைக் கூட்டிட்டுப் போயிருவா."

வேதமூர்த்தி சிரித்துவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "மணிகளை மறுபடியும் நனைத்துச் சுட வேண்டும். வெளியூருக்கு அனுப்பினால் ஒரு மாதம் ஆகும்."

மாசாணம் தாடியைச் சொறிந்தார்.

"என் செங்கல் சூளை சும்மாதான் கிடக்கு. அதுல சுட்டுக்கலாம். ஆனா, அதுவரைக்கும் ஒரு சொட்டு ஏரிக்கு வரக்கூடாது."

"வராது. தோட்டத்தில் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்துத் தேக்கி வைக்கிறேன்."

"நீங்க ஒத்தையா வெட்டினா அடுத்த வருசம்தான் முடியும். அந்த பொக்லைனை இங்கே அனுப்பிவைக்கிறேன்."

மாசாணம் விடைபெற்றுப் போனபின் அம்மையார் திரும்பி வந்தார். வேதமூர்த்தி நடந்ததைக் கூறினார், கூறிவிட்டுக் குறைபட்டுக்கொண்டார்.

"நான் கேட்டதற்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டீர்களே, அம்மா!"

"அந்தப் பாயை எடுத்துப் பாருங்கள், ஐயா. எங்கேனும் தேய்ந்திருக்கிறதா?"

வேதமூர்த்தி பாயை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

"இல்லை, அம்மா. விரித்தபோது இருந்தபடியே இருக்கிறது."

"நல்லது. சுருட்டி வாசலருகில் வையுங்கள். நாளைக்கும் யாராவது கோபத்தோடு வருவார்கள்."